ஒட்டுக்கும் ஒட்டுண்ணிக்கும் இடையில்

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் ஒட்டு மாமரம் நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா கன்றாகக் கொண்டுவந்து நட்டது. மூன்று வருடங்களாக அதன் கிளையொன்றில் குருவிச்சை பிடித்து, அதற்கு அப்பாலுள்ள கிளைநுனி பட்டுப்போகத் தொடங்கிவிட்டது. இரண்டு முறை ஆள் வைத்து ஒடித்தும் அதே இடத்தில் மீண்டும் தளிர்க்கிறது. அதை வேரோடு பிடுங்கிவிட வழி உண்டா? உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகன், “இதுவும் ஒட்டுக்கட்டினது போலத்தானே அம்மா, பிறகு ஏன் ஒன்று மரத்தை வாழவைக்குது, மற்றது சாகவைக்குது?” என்று கேட்கிறான். இந்த மரத்துப் பழங்களைச் சாப்பிடலாமா? குருவிச்சை இலையை அவித்துக் குடித்தால் மூட்டுவலி குறையும் என்று அயலவர் ஒருவர் சொல்கிறார், அது சரியா?
— ஒரு வாசகி, கொழும்பு 06

பதில்:

அன்புள்ள சகோதரி,

குருவிச்சையை வேரோடு பிடுங்க முடியாது. மண்ணில் நிற்கும் செடிக்கு இருப்பதைப் போல, இழுத்தால் வெளியே வரக்கூடிய வேர் அதற்கு மரத்தினுள் இல்லை. கிளையில் அது பொருந்தியிருக்கும் இடத்தில் ஒரு வீக்கம் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த வீக்கத்தினுள் இருப்பது மாமரத்தின் கட்டையும் குருவிச்சையின் கட்டையும் கோத்து வளர்ந்த ஒரு கூட்டு இழையம். அதில் ஒரு பகுதியை உங்கள் மாமரமே கட்டிக் கொடுத்திருக்கிறது. ஒடிக்க வந்தவர்கள் வெளியே தெரிந்த செடியை அகற்றினார்களேயன்றி இந்த இணைப்பைத் தொடவில்லை. அதனுள் உயிரோடு எஞ்சிய குருவிச்சைக் கலங்களிலிருந்து புதிய அரும்புகள் எழுவதற்குத் தடை எதுவும் இருக்கவில்லை. மாணவனாக இருந்த காலத்தில் நானும் ஒரு முறை இப்படியான வீக்கத்தை உளியால் தோண்டி, ஒட்டுண்ணியை மட்டும் பிரித்தெடுத்துவிடலாம் என்று முயன்றேன். ஒரு மணித்தியாலம் தோண்டிய பிறகு கையில் இருந்தது எந்த மரத்தின் கட்டை என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் மகனுடைய கேள்வி நல்ல கேள்வி. ஒட்டு என்ற ஒரே சொல்லிலிருந்து ஒட்டுமாவும் ஒட்டுண்ணியும் நம் மொழியில் பிறந்திருப்பதால், தமிழில் படிக்கும் மாணவனுக்கு அது இயல்பாகவே எழ வேண்டிய கேள்வியுங்கூட. முதலில் ஒட்டுமாவை எடுத்துக்கொள்வோம். ஒட்டுக்கட்டையாக வளர்த்த மாங்கன்றின் தண்டையும், நாம் விரும்பும் இனத்தின் கிளைத்துண்டையும் சீவி, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள மாறிழையம் என்ற மெல்லிய வளர்ச்சிப் படை இரண்டிலும் நேருக்கு நேர் பொருந்துமாறு வைத்துக் கட்டுகிறார்கள். வெட்டுவாயின் இரு பக்கங்களிலிருந்தும் மென்மையான புதுக் கலங்கள் பெருகி இடைவெளியை நிரப்புகின்றன. பின்னர் அவற்றினூடாக மாறிழையம் தொடர்ச்சி பெற்று, உட்புறமாக நீரைக் கொண்டு செல்லும் காழையும் வெளிப்புறமாக இலையின் உணவைக் கொண்டு செல்லும் உரியத்தையும் இரு துண்டுகளுக்கும் பொதுவாக உருவாக்குகிறது. அதன் பின்பு கீழிருந்து நீரும் கனியுப்புகளும் மேலே போகின்றன, மேலிருந்து சீனி கீழே வந்து வேரை வளர்க்கிறது. கொடுக்கலும் வாங்கலும் ஒரே இணைப்பின் வழியாக நடக்கின்றன.

குருவிச்சையின் இணைப்பில் இவற்றுள் ஒரு பாதி மட்டுமே இருக்கிறது. அதன் காழ் மாமரத்தின் காழோடு தொடுக்கப்பட்டிருக்கிறது. உரியத்துக்கு உரியம் தொடர்பு இல்லை. ஆகவே நீரும் கனியுப்பும் மாமரத்திலிருந்து குருவிச்சைக்குப் போகின்றன. பச்சை இலைகளால் தானே உணவு தயாரிக்கும் குருவிச்சை, அந்த உணவில் எதையும் மாமரத்தின் வேருக்குத் திருப்பி அனுப்புவதில்லை. ஒன்று வாழவைப்பதற்கும் மற்றது சாகவைப்பதற்கும் உள்ள வேறுபாடு முதலில் இந்தக் குழாய்களின் அமைப்பில் இருக்கிறது என்று மகனிடம் சொல்லுங்கள்.

இனி, கத்தியும் கட்டும் இல்லாமல், மனிதர் எவரும் பொருத்தி வைக்காமல், இந்த இணைப்பு எப்படி ஏற்படுகிறது என்பதைப் பார்ப்போம். குருவிச்சை என்ற பெயருக்குள்ளேயே ஒரு குருவி இருக்கிறது, அது பொருத்தமாகவும் இருக்கிறது. இலங்கையில் பரவலாகக் காணப்படும் குருவிச்சையாகிய டென்ட்ரோப்தோ பல்காட்டாவின் பழங்களைப் பூங்கொத்தி எனும் மிகச் சிறிய பறவை விரும்பி உண்கிறது. வித்தைச் சுற்றியுள்ள பசை அதன் குடலிலும் முற்றாகக் கரைவதில்லை. ஆதலால் வெளியேறும் வித்து ஒட்டிக்கொண்டே இருக்க, பறவை தன் உடலைக் கிளையில் தேய்த்து அதைக் கழற்றுகிறது. வித்து விழ வேண்டிய இடத்தில், அதாவது உயிருள்ள ஒரு கிளையின் மேல், ஒட்டப்பட்டு விடுகிறது. அந்தப் பசை உலர்ந்தபின் மழைக்குங்கூட எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

சில நாட்களில் வித்திலிருந்து ஒரு பச்சை முளைத்தண்டு வெளிப்படுகிறது. சாதாரண வித்தின் முளைவேர் மண்ணை நோக்கிக் கீழே போகும். குருவிச்சையின் முளைத்தண்டோ ஒளியிலிருந்து விலகி வளைந்து, கிளையின் பட்டை எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கமாகப் போகிறது. பட்டையைத் தொட்டதும் அதன் நுனி நீள்வதை நிறுத்தித் தட்டையாக விரிந்து, ஒரு சிறு தட்டைப் போலப் படிந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தட்டின் நடுவிலிருந்து ஆப்பு வடிவில் ஒரு இழையம் உள்நோக்கி வளரத் தொடங்குகிறது. அழுத்தம் ஒரு பக்கம், கலச்சுவர்களை இளக்கும் நொதியங்கள் மறுபக்கம் என்று இரண்டினதும் துணையோடு அது பட்டையின் கலங்களுக்கிடையே வழி ஏற்படுத்திக்கொண்டு, மாறிழையத்தைக் கடந்து காழை அடைகிறது. ஆப்பின் முன்னணியிலுள்ள கலங்களிற் சில மாமரத்தின் காழ்க்கலன்களைத் தொட்டவுடன் தம் இயல்பை மாற்றிக்கொள்கின்றன: உள்ளடக்கம் மறைந்து, சுவர் தடித்து, அவையே வெற்றுக் குழாய்களாகின்றன. அவற்றுக்குப் பின்னுள்ளவையும் அவ்வாறே மாற, மாமரத்தின் காழிலிருந்து குருவிச்சையின் தண்டுவரை ஒரு காழ்ப் பாலம் அமைந்துவிடுகிறது. இந்த முழு உறுப்பையும் தமிழில் பருகி என்கிறோம். 1813இல் டி காண்டோல் என்ற சுவிற்சர்லாந்துத் தாவரவியலாளர் இதற்கு இட்ட லத்தீன் பெயரும் குடித்தல், உறிஞ்சுதல் என்ற பொருள் தரும் வினைச்சொல்லிலிருந்து வந்தது. நம் கலைச்சொல் அதை விட எளிமையாகவும் தெளிவாகவும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பருகி உருவான பிறகு நடப்பதே எனக்கு மிகவும் வியப்பூட்டுவது. மாமரத்தின் கிளை ஆண்டுதோறும் பருக்கிறது. புதிய காழ் வெளிப்புறமாகச் சேர்ந்துகொண்டே போகிறது. பருகி வளராமல் நின்றுவிட்டால் சில ஆண்டுகளில் அது புதிய கட்டைக்குள் புதைந்து பயனற்றுப் போகும். ஆகவே கிளை பருக்கும் வேகத்துக்கு ஒப்ப அதுவும் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. மாமரமோ, அந்த இடத்தில் தன் கட்டையை வழமைக்கு மாறாக மடிப்பும் பள்ளமுமாகப் பெருக்கி, இரு கட்டைகளும் தொடும் பரப்பை மேலும் மேலும் அகலமாக்கிக் கொடுக்கிறது. குருவிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த சில இனங்கள் இறந்து, அவற்றின் இழையம் உக்கி உதிர்ந்தபின், கிளையில் எஞ்சும் கட்டை ஒரு விரிந்த பூவைப் போலக் காட்சி தரும். மெக்சிக்கோவிலும் இந்தோனேசியாவின் பாலியிலும் அவற்றை மரரோசா என்று அழகுப் பொருளாக விற்கிறார்கள். அந்தப் பூவின் இதழ்கள் ஒவ்வொன்றும் விருந்து வழங்கிய மரம் செய்தவை. ஒட்டுண்ணி அச்சாக மட்டும் இருந்திருக்கிறது.

கிளைநுனி பட்டுப்போவதற்குரிய காரணமும் இந்தப் பாலத்திலேயே இருக்கிறது. குழாய்கள் தொடுத்திருந்தால் மட்டும் நீர் ஓடிவிடாது. இழுக்கும் விசை வேண்டும். குருவிச்சை தன் இலையிலுள்ள நுண்துளைகளாகிய இலைவாய்களைத் தாராளமாகத் திறந்து வைத்து, மாவிலையை விட அதிகமாக நீரை ஆவியாக வெளிவிடுவதன் மூலம் அந்த விசையை உண்டாக்குகிறது. நீர் போதாத காலத்தில் மாமரம் இலைவாய்களை மூடிச் சிக்கனம் பிடிக்கும்போதும், குருவிச்சை அவ்வளவு அக்கறை காட்டுவதில்லை. எனவே கிளையில் மேலேறும் நீரிலும் நைதரசனிலும் பெரும் பங்கு வழியிலேயே திருப்பப்பட, அதற்கு அப்பாலுள்ள நுனி முதலில் வாடுகிறது. வரட்சி நீடித்த ஆண்டுகளிலேயே இந்த வாட்டம் கூடுதலாகத் தெரியும்.

எல்லா ஒட்டுண்ணித் தாவரங்களும் இதே முறையைப் பின்பற்றுவதில்லை. பூக்கும் தாவரங்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் ஒட்டுண்ணிகள். இந்த வாழ்முறை ஒரே மூதாதையிடமிருந்து வந்ததன்று. ஏறத்தாழ 12 தடவைகள் தனித்தனியே தோன்றியது என்று கணக்கிடப்படுகிறது. சந்தன மரமும் ஒட்டுண்ணிதான் என்பது பலருக்குத் தெரியாது. அது மண்ணுக்குள் தன் வேர்களால் அயல் மரங்களின் வேர்களில் பருகிகளைப் பொருத்துகிறது. அந்தப் பருகிகளை 2006இல் நுணுக்குக்காட்டியினூடாக ஆராய்ந்த இலங்கைத் தாவரவியலாளர் குஷான் தென்னக்கோனும் டங்கன் கமரனும், அங்கே குழாய்க்குக் குழாய் நேரடித் திறப்பு இல்லையென்றும், எல்லையில் நிற்கும் உயிருள்ள மென்கலங்களே பொருட்களை வாங்கிக் கடத்துகின்றன என்றும் காட்டினார்கள். திறந்த மடையும் காவலாளி நிற்கும் வாசலும் போன்ற வேறுபாடு இது. கடத்தும் கலம் உயிரோடு இருப்பதால், எதை வாங்குவது என்பதில் ஒட்டுண்ணிக்கு ஓரளவு தேர்வும் உண்டு.

கஸ்கியூட்டா என்ற மஞ்சள்நிறக் கொடி இன்னும் ஒரு படி மேலே போகிறது. நம் கடற்கரைப் பற்றைகளில் வலைபோலப் படரும் கொத்தானும் பார்வைக்கு அதுபோலவே இருக்கும், ஆனால் இரண்டுக்கும் உறவில்லை: கஸ்கியூட்டா கங்குன் கீரையின் குடும்பம், கொத்தான் கறுவாவின் குடும்பம். கொழும்பு ஏழுக்குக் கறுவாத்தோட்டம் என்று பெயர் கொடுத்த அந்த மதிப்புக்குரிய மரத்துக்கு இப்படியும் ஓர் உறவினர் இருக்கிறார். கஸ்கியூட்டாவின் நாற்றுக்கு வேர் பெயரளவில்தான் உண்டு. சில நாட்களுக்குள் விருந்துவழங்கியை, அதாவது தான் ஒட்டி வாழ ஒரு செடியை, கண்டுபிடிக்காவிட்டால் இறந்துவிடும். தக்காளிச் செடி வெளியிடும் மணத்தை நோக்கியே அது வளர்கிறது என்பதை 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். தண்டைச் சுற்றியபின் அது செலுத்தும் பருகியின் நுனிக்கலங்கள் நூலிழைகளைப் போல நீண்டு தேடிச் சென்று, காழைத் தொட்டது காழ்போலவும் உரியத்தைத் தொட்டது உரியம்போலவும் மாறுகின்றன. ஆகவே கஸ்கியூட்டாவுக்கு நீரும் கிடைக்கிறது, சீனியும் கிடைக்கிறது. பச்சை இலை அதற்குத் தேவையில்லை. அந்த வழியாக மரபுச் செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளும் இரு திசைகளிலும் போய்வருகின்றன என்பது 2014இல் வெளியான ஆய்வொன்றில் தெரியவந்தது. 2018இல் வெளியான இன்னோர் ஆய்வு, கஸ்கியூட்டா அனுப்பும் நுண் ஆர்.என்.ஏ.க்கள் விருந்துவழங்கியின் தற்காப்புக்குரிய மரபணுக்களையே அடக்குகின்றன என்று காட்டியது. குருவிச்சையில் இதே அளவுக்கு நடக்கிறது என்று இதை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம்; இணைப்பின் அமைப்பு மாறும்போது அதன் வழியே போவதும் மாறும்.

உங்கள் மகன் கேள்வியின் இன்னொரு முனைக்கு இப்போது திரும்பலாம். ஒட்டுக்கட்டுவோர் நன்கறிந்த ஒரு விதி உண்டு: மாவை மாவோடு ஒட்டலாம், தோடையைத் தேசியோடு ஒட்டலாம், மாவைத் தோடையோடு ஒட்ட முடியாது. குடும்பம் மாறினால் வெட்டுவாய் கூடுவதில்லை. குருவிச்சையோ ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எத்தனையோ குடும்பங்களைச் சேர்ந்த மரங்களில் இணைந்துவிடுகிறது. தோட்டக்காரன் கைக்கு எட்டாத வித்தை ஒரு வித்துக்கு எப்படிக் கைவந்தது? இதற்கு ஒரு பகுதி விடை 2020இல் ஜப்பானின் நகோயாப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவொன்றிடமிருந்து வந்தது. புகையிலைக்கு நெருங்கிய நிக்கொட்டியானா இனம் வேறு குடும்பச் செடிகளோடும் ஒட்டக்கூடியது என்பதையும், அதற்குத் துணைபுரிவது கலச்சுவரின் செலுலோசை இளக்கும் குளுக்கனேசு வகை நொதியமொன்று என்பதையும் அவர்கள் கண்டார்கள். இரு செடிகளின் கலச்சுவர்கள் சந்திக்கும் எல்லையில் அந்த நொதியம் சுரக்கப்பட, சுவர்கள் மெலிந்து ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. வேர் ஒட்டுண்ணியான ஒரு செடியும் தன் விருந்துவழங்கியோடு இணையும்போது அதே வகை நொதியத்தைப் பயன்படுத்துகிறது என்பதும் அதே காலத்தில் தெரியவந்தது. ஆகவே “இதுவும் ஒட்டுக்கட்டினது போலத்தானே” என்று மகன் சொன்னதில் அவர் நினைத்ததை விடக் கூடுதலான உண்மை இருக்கிறது.

பழங்களை அச்சமின்றி உண்ணலாம். நீரோட்டம் மாமரத்திலிருந்து குருவிச்சைக்குத்தான் போகிறது. பழத்துக்கு உணவூட்டும் உரியத்தோடு குருவிச்சைக்குத் தொடர்பு இல்லை. பழம் சிறுத்தும் எண்ணிக்கை குறைந்தும் போகலாம், நஞ்சாவதில்லை.

இலையை அவித்துக் குடிப்பதைப் பற்றி நான் அவ்வளவு இலகுவாகச் சொல்ல மாட்டேன். குருவிச்சை தனக்கென்று உருவாக்கும் பொருட்களோடு, அது நிற்கும் மரத்தின் பொருட்களும் இணைப்பின் வழியாக அதன் இலைக்கு வந்து சேரக்கூடும். அலரியில் வளர்ந்த குருவிச்சையின் இலைகளில், அலரிக்கே உரிய, இதயத்தைப் பாதிக்கும் நச்சுப் பொருட்கள் இருப்பது பல ஆண்டுகளுக்கு முன்பே இரசாயன ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது. நம் சித்த வைத்தியர்கள் எந்த மரத்துக் குருவிச்சை என்று கேட்டுத்தான் மருந்தில் சேர்ப்பார்கள்; அந்தக் கேள்வியில் ஆழ்ந்த அனுபவம் இருக்கிறது. உங்கள் மரம் அலரி அன்று, மா என்பது உண்மை. ஆயினும் மூட்டுவலிக்குத் தகுதியுள்ள வைத்தியர் ஒருவரைக் கண்டு அவர் சொற்படி நடவுங்கள். முற்றத்துச் செடியில் பரீட்சை வேண்டாம்.

மரத்துக்குச் செய்ய வேண்டியது இதுதான். குருவிச்சை பிடித்திருப்பது கிளையில் என்றபடியால், அந்தக் கிளையையே வெட்ட வேண்டும். வீக்கத்தோடு ஒட்டி வெட்டினால் போதாது. அடிமரத்தின் பக்கமாகக் குறைந்தது ஓர் அடி தள்ளி, முடிந்தால் அடுத்த கிளைக்கணுவுக்கு அருகில், வாளால் அறுத்து எடுங்கள். இந்த இனம் பட்டையின் மேலாகக் கொடிபோன்ற வேர்களை ஓடவிட்டு இடையிடையே புதுப் பருகிகளைப் பொருத்தக்கூடியது. ஆகவே அறுப்பதற்கு முன் கிளையை அடிவரை கண்ணால் தடவிப் பாருங்கள். பருவகாலப் பழங்களைப் பறித்து முடித்த பின், மழை ஓய்ந்த சில நாட்களைத் தெரிந்தெடுப்பது வெட்டுவாய் ஆறுவதற்கு நல்லது. மண்ணெண்ணெய், உப்பு, களைநாசினி எதையும் வீக்கத்தில் ஊற்ற வேண்டாம்: இரண்டு மரங்களின் குழாய்களும் ஒன்றாயிருக்கும் இடத்தில், ஒன்றுக்கு ஊற்றிய நஞ்சு மற்றதைத் தொடாமல் இருக்காது. கிளை மின்கம்பிக்கு அருகில் இருந்தால் மின்விநியோக நிறுவனத்துக்கு அறிவிக்காமல் எவரையும் மரத்தில் ஏற்றாதீர்கள். எப்போதாவது அடிமரத்திலேயே பிடித்துவிட்டால், கிளையைப்போல் அதை அறுக்க முடியாது. அப்போது செடியைப் பட்டையோடு சமமாகச் சீவி, அந்த இடத்தைக் கறுப்புப் பொலித்தீனால் ஒளி புகாதவாறு சுற்றிக் கட்டி, இரண்டு வருடமளவில் அப்படியே விட்டுவைக்கலாம். தளிர்க்கும் அரும்புகள் ஒளியின்றி இளைத்துப்போகும். அதுவும் சில வேளை இரண்டாம் முறை செய்ய வேண்டிவரும்.

அயலிலுள்ள வேறு மரங்களில் குருவிச்சை இருந்தால் பூங்கொத்திகள் மீண்டும் வித்துக் கொண்டுவரும் என்பதையும் மனத்தில் வையுங்கள். அதற்காக அயலவர் மரங்களிலுள்ளவற்றையெல்லாம் வெட்டுவிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தேன்சிட்டுகளுக்கு அது தேன். மஞ்சளும் செந்நிறமும் கலந்த சிறகுகளோடு நகரத்திலும் பறக்கும் டெலியாஸ் யூகாரிஸ் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு அதன் இலையே சாப்பாடு. உங்கள் மரத்தை மட்டும் ஆண்டுக்கு ஒரு தடவை அண்ணாந்து பார்த்து, விரல் நீளத்துக்கு வளர்ந்த நாற்றைக் கண்டால் அப்போதே சிறு கிளையோடு நறுக்கிவிடுவது போதுமானது. அந்த வயதில் பருகி ஆழமாகப் போயிராது.

அறுத்த கிளையை உடனே குப்பை வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். வெட்டுண்ட குருவிச்சை வேறெங்கும் வேர்பிடிக்காது. பழுத்த பழங்கள் இருந்தால் அவற்றை மட்டும் கிள்ளிப் புதைத்துவிட்டால் சரி. வீக்கத்தை நீளவாக்கில் இரண்டாக வாளால் பிளந்து, உப்புத்தாளால் தேய்த்து, சற்றே நனைத்துக் கைவில்லையொன்றோடு மகனிடம் கொடுங்கள். மாங்கட்டையின் நிறமும் குருவிச்சைக் கட்டையின் நிறமும் வேறுபட்டிருக்கும். மாவின் இழைகள் நேராக வந்து, வீக்கத்தருகே வளைந்து திரும்பி, மற்றதை நோக்கிப் போவதை அவர் கண்ணாலேயே பார்க்கலாம்.